நாய வச்சு ஷூட்டிங் எடுக்கப் போறீங்களா?

மொதல்ல பேப்பர் வேலைய முடிங்க, விலங்குகள் நல வாரியத்துக்கிட்ட ஷூட்டிங்குக்கு முன்னாடியே பர்மிஷன் வாங்கணும், இல்லன்னா படம் சென்சார்ல போய் நிக்கும். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கெல்லாம் பழக்கி காட்சிக்கு வைக்கிறதுக்கு 1998லயே தடை வந்தாச்சு, அதுக்கு கிராஃபிக்ஸ்தான்.

நாய செட்டுக்கு சீக்கிரமே கூட்டிட்டு வந்து கேமரா, லைட்டு ஸ்டாண்டு எல்லாத்தையும் மோந்து பாக்க விடுங்க. டிரெய்னர் லென்ஸ் பக்கத்துல நின்னு பிஸ்கட்ட காட்டுனா பார்வை கரெக்டா வரும். வெயில்ல தரையில உங்க புறங்கைய வச்சு பாருங்க, 7 செகண்ட் தாங்கலன்னா அது பாதமும் தாங்காது, பாவம். வெடிச்சத்தத்த எடிட்டிங்ல சேத்துக்கலாம், பக்கத்துல வெடிக்கவே வேணாம். வால ஒடுக்கிக்கிட்டு உதட்ட உதட்ட நக்குது, சும்மா சும்மா கொட்டாவி விடுதுன்னா பயந்திருக்கு, டேக் ஓகே ஆகலன்னாலும் நிறுத்திருங்க.