பைத்தான் 3.9-ஐ எப்போது, எப்படிக் கைவிடுவது? லைப்ரரி எழுதுவோருக்கு ஒரு செய்முறை

உங்கள் லைப்ரரி (பிறர் தங்கள் நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) பைத்தான் மொழியின் 3.9-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சப் பதிப்பை 3.10 ஆக்க வேண்டும்.

படி 1: ஆயுளைப் பாருங்கள்

பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் ஐந்து ஆண்டு ஆயுள். 3.9 வந்தது 2020 அக்டோபரில். பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபரோடு நின்றன. ஆதரவு முடிந்த பதிப்பைக் கைவிட யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நம்பை போன்ற அறிவியல் பேக்கேஜ்கள் ஏறக்குறைய மூன்றே ஆண்டில் கைவிட்டுவிடுகின்றன. சின்ன லைப்ரரிக்கு அந்த அவசரம் வேண்டாம்.

படி 2: யார் இன்னும் அதில் இருக்கிறார்கள்?

பைபிஐஸ்டாட்ஸ் தளத்தில் பைத்தான் பதிப்புவாரியாக டவுன்லோட் கணக்கு கிடைக்கும். ஆனால் யாரோ ஒருவரின் தானியங்கி டெஸ்ட் தினம் நூறு முறை இன்ஸ்டால் செய்தாலும் அது நூறாகத்தான் பதிவாகும். அதனால் எண்ணிக்கையைவிட, மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள். கம்பெனி சர்வர்களில் ஓடும் லைப்ரரி என்றால் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ஐ மறக்காதீர்கள்: அதன் இயல்பான பைத்தான் 3.9தான். உபுண்டு 22.04-இல் 3.10, டெபியன் 12-இல் 3.11.

படி 3: கடைசி 3.9 வெளியீடு

கையில் இருக்கும் பிழைத் திருத்தங்களை எல்லாம் சேர்த்து லைப்ரரியின் அடுத்த பதிப்பை, உதாரணமாக 2.6 என்று, வெளியிடுங்கள். 3.9-காரர்கள் இனி இதில்தான் நிற்பார்கள்.

படி 4: முதலில் அந்த ஒரு வரி

லைப்ரரியின் அமைப்புகளை வைத்திருக்கும் பைபுராஜெக்ட் டாம்ல் கோப்பில் 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' மதிப்பை ">=3.10" ஆக்குங்கள். கிளாசிஃபையர் பட்டியலை (எந்தப் பதிப்புகளுக்கானது என்று காட்டும் குறிச்சொற்கள்) மட்டும் மாற்றினால் போதாது. பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப் அதைப் பார்ப்பதே இல்லை. இந்த வரி சரியாக இருந்தால், 3.9-இல் ஓடும் பிப் புதிய வெளியீட்டைத் தாண்டி 2.6-ஐ எடுத்துக்கொள்ளும். "<3.14" போல மேல்வரம்பு வைக்காதீர்கள். வைத்தால் 3.14-இல் பிப் பின்னோக்கிப் போய், வரம்பு எழுதாத ஏதோ பழைய வெளியீட்டை இழுத்து வரும்.

பலர் சறுக்குவது இங்கேதான். அடுத்த வெளியீடான 2.7-இல், பைத்தான் 3.10-இல்தான் வந்த 'மேட்ச்' சின்டாக்ஸை எழுதிவிட்டு வரியை மாற்ற மறந்தால், 3.9-இல் இன்ஸ்டால் ஆகிவிடும். இம்போர்ட் செய்ததும் சின்டாக்ஸ் எர்ரர். பதறிப்போய் வரியைத் திருத்தி 2.7.1 விட்டாலும் தீராது. பிப் 2.7.1-ஐ ஒதுக்கிவிட்டு, ">=3.9" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் 2.7-ஐயே எடுக்கும். ஏற்றிய கோப்பின் தகவலைத் திருத்தவும் முடியாது. பேக்கேஜ்கள் வெளியாகும் கிடங்கான பைபிஐ-யில் 2.7-ஐ 'யாங்க்' செய்யுங்கள்; "==2.7" என்று கேட்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பிப் அதைத் தராது.

படி 5: மற்றவை

டெஸ்ட் பட்டியலில் 3.9-ஐ நீக்குங்கள், நிரலில் தவறுகளைக் காட்டும் ரஃப் கருவியின் அமைப்பில் இலக்குப் பதிப்பை 3.10 ஆக்குங்கள், மாற்றக் குறிப்பில் முதல் வரியாக எழுதுங்கள். புதிய சின்டாக்ஸுக்கு மாறும் திருத்தங்களை இதே கமிட்டில் (ஒன்றாகப் பதிவு செய்யும் மாற்றங்களின் தொகுதி) திணிக்காதீர்கள். முடிவைத் திரும்பப் பெற நேர்ந்தால், ஒரு வரி கமிட்டை ரிவர்ட் செய்வது ஒரு நிமிட வேலை.