போர் தண்ணி ஊர்ல ஸ்டீல் ஸ்டவ், சிங்க், ஃப்ரிட்ஜ எப்படி பளிச்சுன்னு வச்சுக்கறது

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி வாயில வச்சா கரிக்கும், அந்தத் தண்ணியில சிங்க், ஸ்டவ் எல்லாம் என்னதான் தேய்ச்சுக் கழுவுனாலும் காயக் காய வெள்ளையா பூத்து நிக்கும். அது அழுக்கே இல்லங்க, தண்ணி காஞ்சதும் தங்கிப் போற சுண்ணாம்பும் உப்பும்தான், சோப்பு எவ்ளோ போட்டாலும் சுண்ணாம்பு அசையாது, அதுக்குப் புளிப்புதான் சரி.

வினிகர் 1 பங்கு, தண்ணி 1 பங்கு கலந்து பழைய ஸ்ப்ரே பாட்டில்ல வச்சுக்கோங்க. துணிய அதுல நனைச்சு கறை மேல 5 நிமிஷம் போட்டு வச்சு, அப்புறம் தேய்ச்சு, நல்ல தண்ணியில துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஈரம் ஒத்தி எடுத்துடணும். இந்தக் கடைசி வேலையத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, என்னக் கேட்டா வினிகரவிட அதுதான் முக்கியம். வினிகர் இல்லன்னா பிழிஞ்ச எலுமிச்சம்பழ மூடி, இல்ல ரசத்துக்குக் கரைச்ச புளிச் சக்கை போதும்.

ஆனா புளின்னதும் குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்துல கூடவே கல் உப்பையும் போட்டுடாதீங்க! பித்தளைக்கு அது சரி, ஸ்டீலுக்கு ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல குறைஞ்சது 10.5% குரோமியம் இருக்கும், அது காத்து பட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமா நின்னுதான் துருவ தடுக்குது, உப்புல இருக்கற குளோரைடு அந்தப் படலத்தையே ஓட்ட போட்டுடும். எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடியில புள்ளி புள்ளியா குழி விழறது இதனாலதான், தண்ணி கொதிச்சப்புறம் உப்பு போட்டா அந்தத் தொல்லை குறையும். ப்ளீச்சிங் பவுடரும் இதே வேலையத்தான் பண்ணும், அத வினிகரோட சேத்தா விஷவாயு வேற வரும், பக்கத்துலயே வைக்காதீங்க.

பால் பொங்கி, சாம்பார் வழிஞ்சு பர்னர சுத்தி தீஞ்சு கெடக்கா? சிலிண்டர மூடிட்டு, ஸ்டவ் ஆறினதும், 3 ஸ்பூன் சோடா மாவுக்கு 1 ஸ்பூன் தண்ணி விட்டுக் குழைச்சு அப்பி, மேல ஈரத் துணி போட்டு 20 நிமிஷம் விட்டுடுங்க, தேங்கா நார் இல்லன்னா ஸ்பாஞ்ச் வச்சு ஸ்டீல்ல ஓடற கோடு போற திசையிலயே தேய்ச்சா கிளம்பி வந்துடும். சோடாவையும் வினிகரையும் ஒண்ணா ஊத்தி நுரை பொங்கறத வீடியோல காட்டறாங்களே, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ண ஒண்ணு அடிச்சுட்டு ரெண்டுக்குமே வீரியம் போயிடும், தனித்தனியா போடுங்க.

கம்பி நார் வேணவே வேணாம், அதோட இரும்புத் துணுக்கு ஸ்டீல்ல ஒட்டிக்கிட்டு துருப்பிடிக்கும். உமிச் சாம்பலும் அப்படித்தான், பழைய பாத்திரத்துக்கு ஓகே, ஃப்ரிட்ஜ் கதவுல வச்சா கீறல் கீறலா நிக்கும்.

ஃப்ரிட்ஜ், ஓவன், மிக்ஸிக்கு நேரா ஸ்ப்ரே அடிக்காதீங்க, சுவிட்சுக்குள்ள எறங்கிடும், துணியில அடிச்சுத் துடைங்க. கைரேகை தெரியாம இருக்க 2 சொட்டு தேங்கா எண்ணெய துணியில தடவி லேசா ஒரு இழுப்பு இழுத்தா போதும். தை, மாசியில சம்பா அறுப்பு நடக்கறப்ப அதுகூட வேணாம், வைக்கோல் தூசி பூரா வந்து எண்ணெயில அப்பிக்கும். ஸ்டவ் மேல எப்பவுமே எண்ணெ தடவாதீங்க.

சிம்னி ஃபில்டர் ஸ்டீலா இருந்தா வெந்நி, சோடா மாவு, பாத்திர சோப்புல அரை மணி நேரம் ஊறப் போடலாம், அலுமினிய வலைன்னா சோப்புத் தண்ணி மட்டும், சோடா போட்டா கறுத்துடும்.

பர்னர் கிட்ட சூட்டுல நீலமும் மஞ்சளுமா நிறம் ஏறியிருந்தா வினிகர் துணிக்குப் போயிடும். துருப்புள்ளி இருந்தா சோடாக் குழம்ப பழைய டூத்பிரஷ்ல தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க. நகத்தால தடவறப்ப குழி தட்டுப்பட்டுச்சுன்னா ஸ்டீலே அரிச்சிருக்குன்னு அர்த்தம், எதப் போட்டாலும் அந்தக் குழி தூராது, ஈரம் தங்காம பாத்துக்கிட்டா மேல பெருசாகாம இருக்கும்.