‘அருமை’ என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள்: புதிதாகக் கவிதை எழுதுபவரை ஊக்குவிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கவிதை எழுதுபவர்களுக்குக் குறைவில்லை. மணிவிழா வீட்டுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருக்கிறார். கடையடைத்த பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதுபவர் இருக்கிறார். பேரனுக்குத் தாலாட்டுக் கட்டிய பழக்கத்தில் மெல்லக் கவிதைக்கு வந்த ஆச்சிகள் இருக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் சின்ன வட்டங்களில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். புதிதாக வருபவர் ஒன்றிரண்டு முறை வாசிக்கிறார், எல்லாரும் பாராட்டுகிறார்கள், அப்புறம் அவர் வருவதில்லை. கடுமையாகப் பேசியதால் நின்றவர்களைவிட, வெறும் பாராட்டை மட்டும் கேட்டு நின்றவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தான் எழுதியதை ஒருவராவது காது கொடுத்துக் கேட்டார் என்று தெரிந்தால்தான் அடுத்ததை எழுதக் கை வரும்.

கேட்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1917 இல் காரைக்குடியில் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919 இல் பாரதியார் வந்தார்; சங்கத்தை வாழ்த்திப் பாட்டும் எழுதினார். 1939 இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து கவியரங்கங்களில் நல்ல அடி விழுந்தால் ‘இன்னொரு தடவை’ என்று கேட்டு வாங்கும் சபை இங்கே வளர்ந்திருக்கிறது. அந்த ‘இன்னொரு தடவை’யில் இருக்கும் கவனம் நம் சின்ன வட்டங்களிலும் இருக்க வேண்டும்.

வரியைச் சொல்லாத பாராட்டு

‘அருமை’, ‘அற்புதம்’, ‘சூப்பர் அண்ணே’ என்று சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அதை எந்தக் கவிதைக்கும் சொல்லலாம். கவிதையைக் கேட்காமலேகூடச் சொல்லலாம். எழுதியவருக்கு அது தெரியும். அவர் ராத்திரி விழித்திருந்து மாற்றி மாற்றி வைத்த சொல் உங்களுக்குக் கேட்டதா இல்லையா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு ‘அருமை’யில் பதில் கிடையாது.

ஒரு வரியைப் பிடித்துச் சொல்லுங்கள். ‘மூணாவது வரியில அந்தக் கிழவி சாவியை இடுப்புல தடவிப் பாக்குறது மனசுல நின்னுருச்சு’ என்று சொன்னால் போதும். ஏன் நின்றது என்று விளக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியவர் வீட்டுக்குப் போய் அந்த வரியை மறுபடி பார்ப்பார், மற்ற வரிகள் ஏன் அப்படி நிற்கவில்லை என்று தானே யோசிப்பார்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கமும் உண்டு: போன மாதம் அவர் என் கவிதையைப் புகழ்ந்தார், அதனால் இந்த மாதம் நான் அவருடையதைப் புகழ வேண்டும் என்பது. மொய் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்வது மாதிரி பாராட்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். இதில் அடிபடுவது புதியவர்தான். அவர் இன்னும் யாருக்கும் ‘எழுதவில்லை’. அதனால் அவருக்கு யாரும் திருப்பிச் செய்ய வேண்டியதும் இல்லை. அவர் வாசித்து முடித்ததும் ஒரு மௌனம், பிறகு அடுத்தவர் பெயர். அந்த மௌனத்தோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

திருத்துகிறேன் என்று கவிதையை வாங்கிக்கொள்வது

மரபில் தேர்ந்த பெரியவர்கள் செய்யும் தவறு இது. அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஒரு இளைஞர் முதல்முறையாக இரண்டடியில் அமையும் குறள் வெண்பா முயன்று இப்படி எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

பூட்டிய வீட்டின் வாசலில் புறாக்கூட்டம்
கேட்டிருக்கும் ஆத்தா குரல்.

எதுகை அமைந்திருக்கிறது. ஈற்றுச்சீர் ‘குரல்’ மலர் வாய்பாட்டில் சரியாக முடிகிறது. ஆனால் முதலடியில் தளை தட்டுகிறது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை பிசகுகிறது. சீரில் ஒரே உயிரொலி உள்ள அசை நேர், இரண்டு உயிரொலி உள்ள அசை நிரை. வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர் வர வேண்டும். ‘வீட்டின்’ தேமா என்ற மாச்சீர், அதன் பின் ‘வாசலில்’ நேரில் தொடங்கிவிட்டது. ‘வாசலில்’ கூவிளம் என்ற விளச்சீர், அதன் பின் ‘புறாக்கூட்டம்’ நிரையில் தொடங்கிவிட்டது. ஆக இரண்டு இடத்தில் பிழை.

இங்கே பெரியவர் என்ன செய்கிறார்? ‘கொடு தம்பி’ என்று தாளை வாங்கி, வீட்டை ‘இல்லம்’ ஆக்கி, புறாவை ‘மாடப்புள்’ ஆக்கி, ஆத்தாவை ‘அன்னை’ ஆக்கி, தளை தட்டாத வேறொரு வெண்பாவைக் கையில் கொடுக்கிறார். இலக்கணம் சரியாகிவிட்டது. தம்பியின் ஆத்தா அதில் இல்லை.

பிழை இருக்கும் இடத்தை மட்டும் காட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ‘வீட்டினுக்கு அப்புறம் நிரையில ஆரம்பிக்கிற ஒரு மாச்சீர் வேணும் தம்பி. நம்ம வீட்டுல அந்த இடத்துக்கு என்ன பேரு?’ என்று கேட்டாலே போதும். ‘முகப்பு’ என்று அவரே சொல்லிவிடுவார்.

பூட்டிய வீட்டின் முகப்பில் புறாக்கூட்டம்
கேட்டிருக்கும் ஆத்தா குரல்.

‘முகப்பில்’ புளிமா. முன்னால் உள்ள தேமாவுக்கு வேண்டிய நிரை கிடைத்துவிட்டது. தானும் மாச்சீர் என்பதால் பின்னால் ‘புறாக்கூட்டம்’ நிரையில் தொடங்குவதும் பொருந்துகிறது. ஒரே சொல்லில் இரண்டு பிழையும் போயிற்று. அதோடு எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வாசல் போய், செட்டிநாட்டு வீட்டு முகப்பு வந்துவிட்டது. இதை அந்த இளைஞரே கண்டுபிடித்தால் அவர் வாழ்நாளில் தளையை மறக்க மாட்டார். நீங்கள் கண்டுபிடித்துக் கொடுத்தால் அடுத்த வெண்பாவுக்கும் உங்களிடம்தான் வந்து நிற்பார், அல்லது கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார்.

இன்னும் ஒன்று: தளைக்கு முன்னால் புறாவைப் பற்றிப் பேசிவிடுங்கள். யாரும் இல்லாத வீட்டில் புறாக்கள் ஒரு குரலுக்காகச் செவி சாய்த்திருக்கின்றன என்ற எண்ணம் அவருடையது. அது வந்ததால்தான் அவர் எழுதவே உட்கார்ந்தார். அதைத் தாண்டிக்கொண்டு நேராக இலக்கணத்துக்குப் போனால், அவர் சொல்ல வந்தது நமக்குக் கேட்கவில்லை என்றே அர்த்தமாகிறது.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, ‘ல, ள, ழ’ குழப்பம் இதெல்லாம் சபையில் பேசும் விஷயமே இல்லை. கூட்டம் முடிந்து கிளம்பும்போது தாளில் பென்சிலால் குறித்துக் கொடுத்தால் முடிந்தது.

ஒன்றை அளக்கும் கோலால் இன்னொன்றை அளப்பது

புதுக்கவிதையைக் கேட்டுவிட்டு ‘எதுகை மோனை இருந்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்’ என்பதும், வெண்பாவைக் கேட்டுவிட்டு ‘இந்தக் காலத்தில் எதற்கு இதெல்லாம்’ என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். எழுதியவர் எதைச் செய்ய முயன்றார், அது நடந்ததா என்று மட்டும் பாருங்கள்.

குழந்தைப் பாட்டு எழுதுபவர்களை இரண்டாம் வரிசையில் உட்கார வைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ‘பிள்ளைகளுக்குத்தானே’ என்று ஒரு சிரிப்போடு கடந்துவிடுகிறார்கள். இராயவரத்தில் 1922 இல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக ஆயுள் முழுக்க எழுதினார். குழந்தைக் கவிஞர் என்றே தமிழ்நாடு அவரை அறிகிறது. அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, எளிய சொல்லில் சந்தம் தவறாமல் எழுதுவது சின்ன வேலை என்று நினைக்கவே கூடாது.

கவிதையை வீட்டு விவகாரமாக வாசிப்பது

இந்த வட்டாரத்தில் இதுதான் பெரிய தவறு என்பேன். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் வேண்டியவர்கள். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் இருவர் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்பார்கள். ஒன்பது நகரக் கோயிலில் எது என்று தெரிந்ததும் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கும் தெரு, பள்ளிக்கூடம், குலசாமி என்று ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். இப்படி நெருங்கிய இடத்தில் ஒரு பெண், தனியாக உட்கார்ந்து சாப்பிடும் மனைவியைப் பற்றி எட்டு வரி எழுதி வாசித்தால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் நாத்தனார் போன் பண்ணுவார். ‘உனக்கும் தம்பிக்கும் ஏதும் மனத்தாங்கலா?’ அடுத்த மாதம் அந்தப் பெண் நிலாவைப் பற்றி எழுதுவார். அதற்கடுத்த மாதம் மழையைப் பற்றி. நல்ல கவிஞர் ஒருவர் இப்படித்தான் நம் கண்ணெதிரே வாயை மூடிக்கொள்கிறார். ஆண்களுக்கும் இது நடக்கிறது. கடனைப் பற்றி எழுதினால் கடையில் நஷ்டமா என்று கேட்கிறார்கள்.

அகப்பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. தலைவியின் வாயால் ஆண்பாற் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்; அதைக் கேட்டவர்கள் யாரும் புலவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பாட்டில் பேசுபவர் வேறு, எழுதியவர் வேறு என்பது நம்மிடம் அவ்வளவு காலமாக இருக்கிற நாகரிகம்.

அதனால் பேசும்போது ‘நீங்க ஏன் தனியா சாப்பிட்டீங்க ஆச்சி’ என்ற தொனியே வர வேண்டாம். ‘இந்தப் பாட்டுல பேசுற பொண்ணு’ என்றே சொல்லிப் பழகுங்கள். தலைமை தாங்குபவர் தொடக்கத்திலேயே அப்படிப் பேசினால் மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். இங்கே வாசித்ததை வெளியே கொண்டுபோய்ப் பேசுவதில்லை என்று வட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்வதும் நல்லது. எழுதியவர் உண்மையிலேயே பெரிய கஷ்டத்தில் இருக்கிறார் என்று உங்களுக்குப் பட்டால், கவிதையை இழுக்காமல் தனியே போய் ‘நல்லா இருக்கீங்களா, ஏதும் செய்யணுமா’ என்று சிநேகிதராகக் கேளுங்கள்.

பட்டமும் பொன்னாடையும்

கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி பக்கத்தில் இருப்பதால், சந்தத்தோடு நாலு வரி எழுதும் இளைஞர் எவரையும் ‘அடுத்த கண்ணதாசன்’ என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபமாக வருகிறது. சொல்பவருக்கு அது அன்பு. கேட்பவருக்குச் சுமை. 1927 இல் பிறந்து எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் எழுதி எழுதிச் சேர்ந்த இடத்தை, இவருக்கு இருபது வயதில் தலையில் ஏற்றி வைக்கிறோம். அப்புறம் அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் கண்ணதாசன் மாதிரி இருக்கிறதா என்றுதான் அவரே பார்ப்பார். தன் குரல் எது என்று தேட வேண்டிய வயதில் அது பெரிய நஷ்டம். பட்டங்களுக்கும் இதே கதைதான். பொன்னாடை வாங்கும் காசுக்கு ஒரு நல்ல அகராதியோ யாப்பிலக்கண நூலோ வாங்கிக் கொடுக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே பழைய தலைப்பு

‘அம்மா’, ‘மழை’, ‘நட்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் ஏற்கெனவே கேட்ட கவிதையையே எழுதி வருவார்கள். செட்டிநாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் தூசியும் வரிசையாக வரும்; முடிவில் ஒரு பெருமூச்சு. தலைப்பைச் சுருக்குங்கள். வீடு வேண்டாம், வீட்டின் இரண்டாவது பகுதியான இரண்டாங்கட்டில் கிடக்கும் அம்மியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் ரங்கூனிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் எழுதாமல் விட்டது என்ன? 1942 இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே ஊர் திரும்பிய ஐயா, வந்த அன்று முதலில் கேட்ட சாப்பாடு எது? கல்யாணச் சீர்ப் பட்டியலான முறைச்சிட்டையில் எழுதிவைத்த சாமான்களில் இன்னும் வீட்டில் இருப்பது எது? இப்படிக் கேட்டால் ஆளாளுக்கு வேறு வேறு பதில் வரும். பதில் தெரியாதவர் வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கேட்பார். அந்தப் பேச்சிலேயே பாதிக் கவிதை வந்துவிடும்.

கடைசியில் வாசிக்க வைப்பது

தலைமையுரை, வாழ்த்துரை, மூத்தவர்கள் வாசிப்பு என்று எல்லாம் முடிந்து, பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு புதியவரை அழைக்கிறோம். ‘சுருக்கமா முடிச்சிருங்க தம்பி’ என்று வேறு சொல்கிறோம். காரைக்குடிக் கம்பன் கழகம் நேரம் தவறாமைக்குப் பேர்போனது; அந்தக் கட்டுப்பாட்டைச் சின்ன வட்டங்களும் எடுத்துக்கொள்ளலாம். புதியவரை முதலிலோ இரண்டாவதாகவோ வாசிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் காத்திருப்பார்கள்.

அவர் ‘சும்மா கிறுக்கினது, தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க’ என்று ஆரம்பித்தால் அதையே வளரவிடவும் வேண்டாம், ‘தன்னம்பிக்கை வேணும்’ என்று பாடம் எடுக்கவும் வேண்டாம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் கம்பர். சொல்லிவிட்டு நேராகக் காவியத்துக்குள் போய்விட்டார். ‘சரி, வாசிங்க’ என்று ஒருவர் சொன்னால் போதும்.

அவசரப்பட்டுத் தொகுப்புப் போடச் சொல்வது

பத்துக் கவிதை சேர்ந்ததுமே ‘புத்தகமாப் போட்டுருங்க’ என்கிறோம். அவர் கைக்காசைப் போட்டு அச்சடித்து, பாதிப் பிரதியைத் தெரிந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, மீதியைப் பரணில் ஏற்றுகிறார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அவருக்கே அதில் பாதிக் கவிதை பிடிப்பதில்லை.

அதற்குப் பதில் வட்டத்துக்கென்று ஒரு கோப்பு வையுங்கள். வாசித்த ஒவ்வொரு கவிதையின் பிரதியும் தேதி போட்டு அதில் இருக்கட்டும், திருத்துவதற்கு முன் இருந்த வடிவமும் சேர்த்து. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீசு எல்லாவற்றையும் விடாமல் சேர்த்தார். 1994 முதல் சென்னையில் அவர் பேரில் ஆய்வு நூலகமாக நிற்பது அந்தச் சேகரிப்பிலிருந்து வளர்ந்ததுதான். நம் கோப்பு அவ்வளவு பெரிதாக வேண்டாம். முதல் கவிதையையும் இப்போது எழுதியதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் போதும். தொகுப்பு எப்போது போடலாம் என்பதை அதைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார்.