வகுப்பைத் தொடங்கி வைத்தவர்களுக்கு மரியாதை

முதியோர் எழுத்தறிவு வகுப்பின் ஆரம்பகாலத் தொண்டர்களைக் கௌரவிக்க செப்டம்பர் 8 பொருத்தமான நாள். 1966-ல் யுனெஸ்கோ அறிவித்த உலக எழுத்தறிவு தினம். தாராவியில் நாங்கள் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் கூடுவோம், இட்லிக்கு மாவாட்டி முடிந்த பிறகு.

பழைய வருகை நோட்டைத் தேடி எடுங்கள். அதில் பெயரே இல்லாதவர்களையும் விசாரியுங்கள்: பாய் விரித்தவர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். அவர்களும் தொண்டர்கள்தான்.

சால்வை வேண்டாம். வகுப்பில் படித்தவர்கள் தங்கள் கையால் கடிதம் எழுதட்டும். பிழை திருத்தவே கூடாது. "டீச்சரக்கா, 90 அடி ரோட்டுல பஸ் போர்டை நானே வாசிச்சேன்" என்று எழுத என் அம்மாவுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. அக்கா அந்தத் தாளை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

ஊருக்குப் போய்விட்டவர்களுக்குக் கடிதத்தை எழுதியவரே வாசித்து, வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம்.