ஒரே டிரைவரில் ஸ்பீக்கர் கட்டப் போகிறவர்களுக்கு

கிராஸ்ஓவர் (ஒலியை மேல், கீழ் என்று பிரித்து வெவ்வேறு டிரைவர்களுக்கு அனுப்பும் சர்க்யூட்) எதுவும் குறுக்கே இல்லாமல் ஒரே கூம்பிலிருந்து வரும் மனிதக் குரலில் ஒரு நெருக்கம் இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு ஃபுல்ரேஞ்ச் டிரைவரிடம், அதாவது எல்லா ஒலியையும் ஒற்றைக் கூம்பால் எழுப்பும் ஸ்பீக்கர் பாகத்திடம், அடிமட்ட பேஸையும் கேட்காதீர்கள்.

முதலில் அளவு. ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்தை விடச் சிறியதாகும்போது ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி குவிய ஆரம்பிக்கும். 8 அங்குல டிரைவரில் இது 2,000 ஹெர்ட்ஸ் அளவிலேயே வந்துவிடும், 3 அங்குலத்தில் 5,000-ஐத் தாண்டும். பிங்க் நாய்ஸை (மேல், கீழ் எல்லா ஒலியும் கலந்த இரைச்சல் போன்ற சோதனை ஒலி) ஓடவிட்டு இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், மேல்பகுதி மங்கினால் அதுதான். லோதர் என்ற பிராண்டின் டிரைவர்களில் நடுவே இருக்கும் குட்டிக் கூம்பு உயர் ஒலியைக் கொஞ்சம் நீட்டும், கூடவே மேடுபள்ளங்களையும் கொண்டுவரும். நான் 3 அல்லது 4 அங்குலம்தான் வாங்குவேன்.

சரி, சின்னது வாங்கினால் பேஸில் சிக்கல் வரும். மூடிய பெட்டியில் அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் (அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு) கீழே இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும், அதாவது 200-லிருந்து 50 ஹெர்ட்ஸுக்குப் போனால் பதினாறு மடங்கு, அந்த ஆட்டத்தின் மேல் உட்கார்ந்துதான் பாடகியின் குரலும் வர வேண்டும் என்பதால் குரல் கலங்குகிறது. அதனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே, ஒரு சின்ன டிஎஸ்பி பலகையில் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சர்க்யூட்) வெட்டி, தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து வூஃபருக்கு (பேஸுக்கான பெரிய டிரைவர்) அனுப்புங்கள். டிரைவருக்கு முன் கண்டென்சர் போட்டுச் செய்யலாம்தான், ஆனால் 8 ஓமுக்கு 130 மைக்ரோஃபாரட் வேண்டும், ரெசனன்ஸ் (கூம்பு தானாகவே அதிகம் அதிரும் ஹெர்ட்ஸ்) பக்கத்தில் டிரைவரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) ஏறி அந்தக் கணக்கையே கெடுத்துவிடும். 150-ல் பிரித்தால் பேஸ் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கும், ஆகவே மூலையில் ஒரு சப்வூஃபர் போதாது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வூஃபர், டிரைவருக்கு நேர் கீழே.

அப்புறம் பெட்டியின் அகலம். 115-ஐ, மீட்டரில் அளந்த அகலத்தால் வகுங்கள்: 20 செ.மீ. பெட்டிக்கு 575 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப்போக ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய், முன்னால் 6 டெசிபல் வரை குறையும், குரல் மெலிந்து கேட்கும். 1.3 மில்லிஹென்றி காயிலையும் 4.7 ஓம் ரெசிஸ்டரையும் இணையாகக் கட்டி, 8 ஓம் டிரைவருக்குத் தொடராகப் போட்டால் மேல்பகுதி 4 டெசிபல் இறங்கி, குறைந்துபோன கீழ்ப்பகுதியோடு ஒத்துப்போகும். டிஎஸ்பி இருந்தால் அதிலேயே முடித்துக்கொள்ளலாம். பெட்டி சுவரை ஒட்டி இருந்தால் 4 டெசிபல் இறக்குவது தேவைக்கு அதிகம், 2-லிருந்து ஆரம்பித்துக் காதால் கேட்டு ஏற்றுங்கள்.