விலங்குக் காப்பகத்துக்கு அரசு மானியம்: எங்கே சறுக்குகிறோம்?

அடிபட்ட நாயை நள்ளிரவில் தூக்கி வந்து தையல் போட்டுக் காப்பாற்றியவரிடம், "அப்படியே பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள்" என்றால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் மானியம் வருவதும் வராமல் போவதும், வந்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட நேர்வதும் பெரும்பாலும் அந்த எழுதாத பக்கத்தால்தான். விண்ணப்பத்தை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அதைப் படிப்பவர் கணக்கைத்தான் தேடுவார்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1962இல் அமைந்தது இந்திய விலங்குகள் நல வாரியம். ருக்மிணி தேவி அருண்டேல் அதன் முதல் தலைவர். ஜல்லிக்கட்டு வழக்கில் பெயர் அடிபட்டதே, அதே வாரியம்தான். காப்பகங்களுக்கு நிதி உதவி தருவதையும் அதன் பணிகளில் ஒன்றாக அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. தீவனம், மருந்துச் செலவுக்கான வழக்கமான மானியம், கொட்டகை கட்ட, ஆம்புலன்ஸ் வாங்க, தெருநாய்க் கருத்தடைக்கு, வெள்ளம் புயல் போன்ற பேரிடர்க் காலத்துக்கு என்று தனித்தனித் திட்டங்கள் உண்டு. பல ஆண்டுகள் சென்னையில் இருந்த தலைமையகம் 2018இல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. இன்னமும் பழைய திருவான்மியூர் முகவரிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசும் 2022-23 பட்ஜெட்டில் 'வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்' என்ற பெயரில், கைவிடப்பட்ட, காயம்பட்ட பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டு நிறுவனங்களுக்காக 20 கோடி ரூபாய் ஒதுக்கியது.

சரி, தவறுகளுக்கு வருவோம். மிகப் பரவலானது, பணம் தனிநபர் கணக்கில் புழங்குவது. காப்பகம் நடத்தும் அக்காவின் ஜிபே எண்ணுக்கு நன்கொடை வரும். அவரே அதிலிருந்து மருந்துக் கடைக்குக் கொடுப்பார், வீட்டு மளிகைக்கும் கொடுப்பார். நேர்மையில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் வருஷம் முழுக்க நாற்பதாயிரம் ரூபாய்தான் ஓடியிருக்கும். விண்ணப்பத்திலோ ஆண்டுச் செலவு பதினெட்டு லட்சம் என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு, ஒன்று பொய் என்றுதான் தோன்றும். தணிக்கையாளராலும் இதைச் சரிக்கட்ட முடியாது. ஆகவே, இன்றைக்கே நிறுவனத்தின் பெயரில் க்யூஆர் அட்டை வாங்கி வாசலில் ஒட்டுங்கள். மானியம் கேட்கும் எண்ணமே இல்லையென்றாலும் ஒட்டுங்கள்.

இதோடு ஒட்டியது பில் இல்லாத செலவு. நாய்களுக்குப் பொங்கும் குருணையையாவது மண்டியில் பில்லோடு வாங்கலாம். கறிக்கடையில் வாங்கும் கோழித்தலைக்கும் காலுக்கும் யார் பில் தருவார்? தெருமுனையில் வாங்கும் வைக்கோலுக்கு? "பில் இல்லை, அதனால் கணக்கில் எழுதவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. கடைக்காரர் பெயர், ஊர், எடை, தொகை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிய வவுச்சர் போதும். பணத்தை நிறுவனக் கணக்கிலிருந்தே யுபிஐயில் அனுப்பினால் தேதியும் தொகையும் தானாகப் பதிவாகிவிடும். இதில் செய்யக்கூடாதது ஒன்றுதான்: மார்ச் மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில் பன்னிரண்டு மாத வவுச்சர்களையும் எழுதுவது. பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. கூட்டிச் சொன்னால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எப்படியோ பரவியிருக்கிறது. ஐம்பது நாய்கள் இருக்கும் இடத்தை எண்பது என்று எழுதுவார்கள். ஆய்வுக்கு வருபவர் நாய்களை எண்ணவே வேண்டாம், அரிசியை எண்ணினால் போதும். எண்பது நாய்களுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 200 கிராம் குருணை என்று வைத்தாலும் மாதத்துக்கு 480 கிலோ ஆகிறது. உங்கள் பில் 150 கிலோ என்றால், ஒன்று எண்ணிக்கை பொய், அல்லது நாய்கள் பட்டினி. இரண்டில் எதை ஒப்புக்கொள்வீர்கள்?

இதைவிட விசித்திரமானது, சாவை மறைப்பது. பல காப்பகங்களின் பதிவேட்டில் ஒரு விலங்குகூடச் செத்திருக்காது. பெயர் கெட்டுவிடும் என்ற பயம். லாரியில் அடிபட்டதும், டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நாய்களைக் கொல்லும் தொற்றுநோய் வந்ததும், குட்டிகளும் வந்து சேரும் இடத்தில் சாவே இல்லை என்றால் எந்தக் கால்நடை மருத்துவர் நம்புவார்? வந்த தேதி, எந்த இடத்திலிருந்து, யார் கொண்டுவந்தார், என்ன நிலை, என்ன சிகிச்சை, கடைசியில் தத்துப் போனதா, திரும்ப விடப்பட்டதா, இறந்ததா, இறந்தால் காரணமும் புதைத்த இடமும், கீழே மருத்துவர் கையெழுத்து. இப்படி எழுதிய பதிவேட்டில் இறப்பு அதிகமாக இருந்தாலும் அது உங்களுக்குச் சாதகம்தான். தடுப்பூசிக்கும் தனிமைக் கூண்டுக்கும் ஏன் பணம் வேண்டும் என்பதை அதைவிட நன்றாக எந்தக் கடிதமும் சொல்லாது. மருந்துக்கும் இருப்புப் பதிவேடு வேண்டும். குறிப்பாக, அறுவைக்குப் பயன்படும் மயக்க மருந்தான கெட்டமினுக்கு. மருந்து விதிகளில் அது கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. எத்தனை குப்பி வந்தது, எந்த விலங்குக்கு எவ்வளவு போனது என்று எழுதாமல் வைத்திருந்தால் மானியம் போவது மட்டுமல்ல, வேறு தொல்லையும் வரும்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளைப் பத்திரத்தில் கல்வி, முதியோர், மரம் நடுதல் எல்லாம் இருக்கும். விலங்கு நலன் என்ற சொல்லே இருக்காது. முதலில் அதைத் திருத்துங்கள். சங்கமாகப் பதிந்தவர்கள் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷா வருஷம் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் கொடுத்திருக்க வேண்டும். பான் அட்டை, வங்கிக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளப் பதிவு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். வாரியத்தின் அங்கீகாரத்தை முதலில் வாங்குங்கள்; மானிய விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.

நிலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கொட்டகை மானியம் கேட்பவர்களில் பலர் வாடகை நிலத்தில் இருக்கிறார்கள், அல்லது நிலம் நிறுவனரின் மாமனார் பெயரில் இருக்கிறது. அரசுப் பணத்தில் எழும் கட்டடம் இன்னொருவர் பட்டாவில் நிற்பதை எந்த அரசும் ஒத்துக்கொள்ளாது. நிறுவனத்தின் பெயரில் சொந்த நிலமோ பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையோ வேண்டும். கோயில் நிலத்தை நிர்வாகி வாய்மொழியாகக் கொடுத்தார் என்பதெல்லாம் செல்லாது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கில் கட்டிவிட்டு மானியத்துக்குப் போவது, நாமே போய் ஆக்கிரமிப்பைக் காட்டிக்கொடுப்பதுதான். ஊராட்சியின் கட்டட அனுமதியையும் அக்கம்பக்கத்தாரின் மனநிலையையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குரைப்புச் சத்தத்துக்கும் நாற்றத்துக்கும் வரும் புகார் மனுக்கள் உங்கள் கோப்பிலேயே போய்ச் சேரும்.

இனி, பணம் வந்த பிறகு நடக்கும் தவறுகள். இவற்றைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் இங்கே இழப்பு நம் சொந்தப் பணம். ஆம்புலன்ஸுக்கு வந்த தொகை கணக்கில் கிடக்கிறது, தீவனக்காரர் பாக்கி கேட்டு நிற்கிறார், "இப்போதைக்கு எடுத்துக்கொடுப்போம், அடுத்த மாதம் போட்டுவிடலாம்." பசித்த மாடுகள் முன்னால் நிற்கும்போது இது குற்றமாகவே தோன்றாது. ஆனால் ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளின் (ஜிஎஃப்ஆர்) மொழியில் அது நிதியைத் திசைதிருப்புவது. அதே விதிகள், மானியம் விடுவிக்கும் முன் நிர்வாகக் குழு உறுப்பினர்களிடம் உறுதிப் பத்திரம் வாங்கச் சொல்கின்றன. நிபந்தனையை மீறினால் கையெழுத்திட்டவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாகி, தொகையை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். நம் ஊரில் அறங்காவலர் பட்டியலை எப்படி நிரப்புகிறோம்? அண்ணி, சித்தப்பா, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார். "சும்மா ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்று வாங்கிய கையெழுத்து அது. அந்த வாத்தியாரின் ஓய்வூதியத்தை எதில் மாட்டிவிடுகிறோம் என்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும்.

மானியத் தொகை வங்கியில் இருந்த காலத்தில் சேர்ந்த வட்டியும் உங்களுடையது அல்ல. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 230ஆவது விதிப்படி அதைக் கணக்கு முடித்தவுடன் அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளவும் முடியாது. தொகை சில ஆயிரம்தான் இருக்கும், ஆனால் தணிக்கைக் குறிப்பில் முதல் வரியாக அதுதான் நிற்கும். மானியத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் இந்த வட்டியைப் பிரிக்கும் தலைவலியே இல்லை. பணத்தைத் தந்த நோக்கத்துக்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். முந்தைய மானியத்துக்கான சான்றிதழ் நிலுவையில் இருக்கும்போது புதிதாக விண்ணப்பிப்பது தபால் செலவுக்குத்தான் ஆகும். ஒரே கொட்டகையை மாநில அரசிடம் ஒரு முறை, ஒன்றிய அரசிடம் ஒரு முறை காட்டிப் பணம் வாங்குவதும் இப்படித்தான் பிடிபடும். விதிப்படி, அதே நோக்கத்துக்கு வேறெங்கும் நிதி பெறவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

வாங்கிய வண்டி நிறுவனத்தின் பெயரில் பதிவாகட்டும். ஓட்டுநர் பெயரில் கடன் எளிதாகக் கிடைத்தது என்பதெல்லாம் பிறகு எடுபடாது. மானியத்தில் வாங்கிய சொத்தை அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு வேலைக்குப் பயன்படுத்தவோ கூடாது. வண்டி பழுதாகிக் காயலான் கடைக்குப் போவதானாலும் முதலில் கடிதம் எழுதுங்கள்.

கருத்தடைப் பணி தனி உலகம். 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு. அதை எடுத்துச் செய்யும் நிறுவனத்துக்கு வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்று கட்டாயம். இங்கே நடக்கும் தவறு, விலை. 2025இல் ஒன்றிய அரசு நாய் ஒன்றுக்கு 800 ரூபாய், பூனைக்கு 600 ரூபாய் என்று உதவித்தொகை அறிவித்தது. அந்தத் தொகைக்குள் பிடிப்பது, வண்டி, மயக்க மருந்து, அறுவை, அதன் பிறகு கூண்டில் வைத்துச் சாப்பாடு போடுவது, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது எல்லாம் அடங்குமா என்று உங்கள் ஊர் விலைவாசியில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், மிச்சம் பிடிக்கும் இடம் தையல் நூலும் வலிநிவாரணியுமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று புதிதாக முளைத்திருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. அப்போதிலிருந்து உள்ளாட்சிகளுக்கு இடம் தேவை. "முப்பது நாய்களை இறக்கிவிடுகிறோம், நிதி பின்னால் வரும்" என்று தொலைபேசியில் சொன்னால் மறுக்க மனம் வராது. எழுத்தில் ஆணை, தலைக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு, இறந்தால் யார் பொறுப்பு என்பது தெரியாமல் ஒன்றைக்கூட இறக்க விடாதீர்கள். பொதுவாகவே, மானிய ஆணை கைக்கு வந்தாலும் பணம் கணக்குக்கு வரும்வரை புது விலங்குகளைச் சேர்க்கவோ புது ஆளை வேலைக்கு வைக்கவோ வேண்டாம். ஆணைக்கும் பணத்துக்கும் இடையில் பல மாதங்கள் போகலாம். அந்த மாதங்களிலும் அவை மூன்று வேளையும் உங்களைத்தான் பார்க்கும்.

இவ்வளவும் தெரிந்தபின், "பதினைந்து சதவீதம் கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவர்களை என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் எழுதித் தரும் திட்ட அறிக்கை பெரும்பாலும் வேறொரு கோசாலைக்கு எழுதியது. பூனைக் காப்பகத்துக்குப் பால் உற்பத்தி வருமானம் காட்டிய அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அல்லது பதிலே இல்லையென்றால், சும்மா இருக்க வேண்டாம். வாரியம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய் கட்டணத்தில் இணையவழியாகவே கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் ஒற்றை வரிப் பதில்தான் வரும். உங்கள் கோப்பில் உள்ள ஆய்வு அறிக்கையின் நகலையும் அதிகாரிகளின் குறிப்புப் பக்கங்களையும் கேளுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதற்கு முன் எதைத் திருத்த வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.