பட்டுப்போன மரத்தில் பிளவுச் செவுள் காளானை அடையாளம் காணும் முறை

பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கவாத்து செய்து போட்ட கிளைகளை, ஒரு மழைக்காலம் கழிந்த பின் சற்றுக் குனிந்து பார்த்தால், பட்டையின் மேல் சாம்பல் கலந்த வெண்மை நிறத்தில் சின்னஞ்சிறு விசிறிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பெரும்பாலோர் அவற்றைப் பூசணம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவரும் பாட்டியோ, அவை ஒட்டிய கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது பூத்துப்போச்சு தம்பி, தணல் நிக்காது” என்று தனியே போட்டுவிடுவார். காளானின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் அது மரத்தை உள்ளிருந்தே மக்கச் செய்து எடையைக் குறைத்துவிட்டது என்பதை அவருடைய கை அறிந்திருக்கிறது.

இந்தக் காளானின் அறிவியல் பெயர் சைசோஃபில்லம் கம்யூன். சுவீடன் நாட்டுக் காளானியல் அறிஞர் எலியாஸ் ஃபிரைஸ் 1815ஆம் ஆண்டில் சூட்டிய பெயர் இது. முதற்சொல் ‘பிளந்த இலை’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டாவது ‘பொதுவானது’ என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல். அண்டார்க்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் வளர்வதால் இரண்டாவது சொல்லும் பொருத்தமானதே. காளான் குடையின் அடியில் மீன் செவுளைப் போல அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய தகடுகளைச் செவுள் என்றும், இந்த இனத்தைப் பிளவுச் செவுள் காளான் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

இதைத் தேடிச் சோலைக்காட்டின் இருட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. வெயில் படும் இடத்தில் கிடக்கும் வெட்டுமரம், வேலிக்கு நட்ட கட்டை, காய்ந்து நிற்கும் கிளை, வீட்டுக்குப் பின்னால் அடுக்கிய விறகு ஆகியவையே இதற்குப் பிடித்த இடங்கள். அகன்ற இலை மரங்களில் மிகுதியாகவும், ஊசியிலை மரங்களில் எப்போதாவதும் வளரும். பழனி மலைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தாராளமாகக் கிடைப்பதால், அந்த மாதங்களில் புதிதாக முளைத்தவற்றைப் பார்க்கலாம். ஆயினும் மற்றக் காளான்களைப் போல இரண்டொரு நாளில் அழுகி மறையாமல், தோல்போல் காய்ந்து கட்டையிலேயே தங்கிவிடுவதால், ஆண்டின் எந்த மாதத்திலும் இதைத் தேடிப் பழகலாம். காளான் பார்க்கத் தொடங்குவோருக்கு இதை நான் முதலில் காட்டுவதற்கு அதுவே காரணம்.

கையோடு ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிறு அளவுகோல், ஒரு பேனாக்கத்தி, ஒரு காகித உறை இருந்தால் போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் காளான் வியர்த்துக் கெட்டுவிடும்.

முதலில் மேற்புறத்தைப் பாருங்கள். அகலம் பெரும்பாலும் 1 முதல் 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும். தனிக் காம்பு இல்லாமல், ஒரு ஓரத்தில் மட்டும் மரத்தைப் பற்றிக்கொண்டு விசிறியாகவோ சிப்பியாகவோ விரிந்திருக்கும். மேலே குட்டையான அடர்ந்த மயிர்கள் உண்டு. விரலால் தடவினால் கம்பளித் துணியைத் தொட்டதுபோல் இருக்கும். காய்ந்திருக்கும்போது வெண்மையாகவும், நனைந்திருக்கும்போது சாம்பல் பழுப்பாகவும் தோன்றும். பிய்த்தால் எளிதில் உடையாது, தோல்வார்போல் வளையும். இவ்வளவும் பொருந்தினாலும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது, ஏனெனில் மேற்புறம் பல காளான்களுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

முடிவைச் சொல்வது அடிப்புறம்தான். ஒன்றைக் கத்தியால் கவனமாகப் பெயர்த்து, திருப்பி, பூதக்கண்ணாடியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு காளானைக் கண்ணாடியை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். மரத்தைப் பற்றியிருந்த இடத்திலிருந்து விசிறிக் கம்பிகளைப்போல செவுள்கள் ஓரத்தை நோக்கிப் பரவிச் செல்வது தெரியும். நிறம் சாம்பலாகவோ இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட பழுப்பாகவோ இருக்கும். இப்போது ஒரே ஒரு செவுளின் விளிம்பை மட்டும் உற்றுப் பாருங்கள். அந்த விளிம்பு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தால், ஒரே உறைக்குள் வைத்த இரண்டு காகிதத் தாள்கள் விலகி நிற்பதுபோல் தெரிந்தால், நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. நம் மலையில் பட்டுப்போன மரங்களில் நான் பார்த்த வேறெந்தக் காளானிலும் இந்தப் பிளவைக் கண்டதில்லை.

பிளவு தெளிவாகத் தெரியாவிட்டால் தண்ணீர் உதவும். ஜனவரி, பிப்ரவரியில் பகல் வெயிலில் காய்ந்த காளானின் ஒவ்வொரு செவுளும் பிளவின் வழியே இரு பக்கமும் வெளிநோக்கிச் சுருண்டு, காளான் இனம்பெருக்க உதிர்க்கும் தூள் போன்ற வித்துகள் உருவாகும் பரப்பை மூடிக்கொள்ளும். மொத்தக் காளானும் உள்நோக்கி மடங்கி, மயிரடர்ந்த சிறு உருண்டையாகிவிடும். அதை ஒரு தட்டில் ஈரத்துணியின் மேல் வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். விசிறி விரிந்திருக்கும், சுருண்டிருந்த பாதிகள் நிமிர்ந்து, ஒன்றையொன்று நெருங்கி மீண்டும் ஒரே செவுளாகத் தோன்றும். மறுபடி உலர விட்டால் மறுபடி பிளந்து சுருளும். கனடாவின் வின்னிபெக் நகரில் பணியாற்றிய காளானியல் அறிஞர் ரெஜினால்ட் புல்லர் உலர்த்திக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்த இந்தக் காளான்கள், ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து நனைக்கப்பட்டபோதும் விரிந்து வித்து உதிர்த்தன. மழைக்கும் வறட்சிக்கும் இடையில் மாறி மாறி வாழ வேண்டிய உயிருக்கு இந்தச் செவுள் எவ்வளவு பொருத்தமான கருவி என்பதை அந்தத் தட்டில் நீங்களே காணலாம்.

குழப்பக்கூடியவை சில உண்டு. வான்கோழி வால் காளானில் பல நிறப் பட்டைகள் வளையம் வளையமாக இருக்கும். அதன் அடியில் செவுளே இல்லை, ஊசியால் குத்தியது போன்ற நுண்துளைகள் மட்டுமே உண்டு. ஸ்டீரியம் என்னும் காளான் வகைகளின் அடிப்புறம் வழவழப்பாக இருக்கும். சிப்பிக்காளான் பெரியது, சதைப்பற்றுள்ளது, கையால் எளிதில் பிய்வது. உண்மையில் ஏமாற்றுவது கிரெபிடோட்டஸ் என்னும் சிறு காளான்தான். மேலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தை மட்டும் நம்பி, அதைப் பிளவுச் செவுள் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். பின்பு அதே கட்டையிலிருந்து எடுத்ததை இரவு முழுவதும் காகிதத்தின் மேல் வைத்தபோது பழுப்பு நிற வித்துத்தூள் விழுந்திருந்தது. அதன் பிறகு அடிப்புறப் படம் இல்லாத எதற்கும் நான் பெயர் எழுதுவதில்லை.

அந்தத் தூள் சோதனையை நீங்களும் செய்யலாம். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான காகிதத்தின் மேல், நனைத்து விரித்த காளானைச் செவுள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, ஒரு டம்ளரால் மூடி, காலையில் திறந்து பாருங்கள். பிளவுச் செவுளின் வித்துத்தூள் வெண்மையானது, எனவே கறுப்புப் பகுதியில் தெரியும். பழுப்பாக இருந்தால் அது வேறு காளான்.

இந்தத் தூளை முகர்ந்து பார்க்க வேண்டாம். அரிதாக இந்தக் காளான் மனிதரின் மூக்கை ஒட்டிய எலும்பறைகளிலும் நுரையீரலிலும் தொற்றை உண்டாக்கியிருக்கிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தோரும் ஆஸ்துமா உள்ளோரும் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது நல்லது. உண்ணலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். மணிப்பூரில் இதைக் ‘காங்லாயென்’ என்ற பெயரில் உண்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் அது தலைமுறை தலைமுறையாக அந்தக் காளானோடு பழகியவர்களின் சமையல். இந்தக் குறிப்பு பார்த்து அறிவதற்கு மட்டுமே. இதைப் படித்துவிட்டு எந்தக் காட்டுக் காளானையும் வாயில் வைக்காதீர்கள்.

எங்கே பறிக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. மலையின் ஒரு பகுதி 2013ஆம் ஆண்டு முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக இருக்கிறது. அதற்குள் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. கட்டையை அசைக்காமல், கைபேசியை அடியில் நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதே சரி. சொந்தத் தோட்டத்திலோ விறகுக் குவியலிலோ என்றால் ஒன்றிரண்டு எடுத்து, தேதி, இடம், ஏறத்தாழ உயரம், எந்த மரம் ஆகியவற்றை உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். மரம் எதுவென்று தெரியாவிட்டால் பட்டையிலும் ஒரு துண்டை உறைக்குள் போட்டுவையுங்கள். பார்ப்பதற்காகப் புரட்டிய கட்டையைக் கிடந்தபடியே திரும்ப வையுங்கள். செவுள்கள் தரையை நோக்கி இருந்தால்தான் வித்துகள் தடையின்றி உதிர்ந்து காற்றில் கலக்கும்.